அல்காரிதம் காட்டாத ஓவியர்களை எங்கே போய்த் தேடுவது?

#1 காகிதப்பூனை

வணக்கம். இங்கே ஒரு வருடமாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியாக இயங்கும் ஓவியர்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம். தானே வரைந்து, தானே அச்சடித்து, தானே உறை ஒட்டி அனுப்புகிறவர்கள். அவர்கள் போடும் பதினாறு பக்கக் காமிக்ஸ், சுவரில் மாட்டும் பிரிண்ட், நோட்டுப் புத்தகம், ஸ்டிக்கர், சட்டையில் குத்தும் எனாமல் பின், எதுவானாலும் சரி. சிக்கல் என்னவென்றால் இவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இன்ஸ்டாகிராமில் முந்நூறு பேரைப் பின்தொடர்கிறேன், எனக்குக் காட்டுவது இருபது பேரை. மற்றவர்கள் இன்னும் வரைகிறார்களா, விட்டுவிட்டார்களா என்றே தெரியவில்லை. புதிதாகப் பரிந்துரைப்பதும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி: பெரிய கண் பெண், காளான், நிலா, மடியில் பூனை. பூனை மேல் எனக்கு வருத்தமில்லை, என் பெயரைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் எத்தனை பூனை!

போன மாதம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. ஒரு இணையக் கடையில் (பெயர் வேண்டாம்) நோட்டு ஒன்று வாங்கினேன். அட்டையில் புல்வெளி, நடுவில் குடையோடு ஒரு கிழவர். கைக்கு வந்ததும் பார்த்தால், வலது கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் புல் மழுங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் ஒவ்வொரு புல்லும் தனித்தனிக் கோடு, அங்கே மட்டும் வழவழவென்று பச்சைப் பூச்சு. கையெழுத்தை அழித்த இடம் அது என்று எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. தேடிப் பிடித்ததில் அசல் ஓவியர் கிடைத்தார். இப்படி ஒரு நோட்டு விற்பனையில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு கேள்வி. நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? கண்டுபிடித்தது அசல் ஆள்தானா என்று எப்படி உறுதி செய்துகொள்கிறீர்கள்?

#2 அரைப்புள்ளி

ஹேஷ்டேக் போட்டுத் தேடினால் வந்து விழப்போகிறது. இதற்கு ஒரு இழையா?

#3 காகிதப்பூனை

தேடாமலா வந்தேன்? பக்கம் பக்கமாக ஏஐ படம்தான் வருகிறது. நடுநடுவே பிரஷ் விற்கிறவர்கள்.

#4 பழையபக்கம்

பூனைக்கு வணக்கம். நான் இணையம் வருவதற்கு முன்பிருந்தே இந்த வியாதி உள்ளவன், அந்த உரிமையில் சொல்கிறேன். கையில் ஏற்கெனவே இருக்கும் நல்ல காமிக்ஸ் ஒன்றை எடுங்கள். கதையைப் படித்தாயிற்று அல்லவா? இப்போது கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்.

பதிப்பு விவரம், யார் அச்சடித்தது, யார் எழுத்து வரைந்தது, அப்புறம் பொடி எழுத்தில் ஒரு நன்றிப் பட்டியல். நிறையப் பேர் இதைப் புரட்டிவிட்டு மூடிவிடுவார்கள். எனக்கு அதுதான் வரைபடம். ஓவியர்கள் யாருக்கு நன்றி சொல்வார்கள்? விழாவில் கூட மேசை போட்டு விற்றவருக்கு, ஸ்கேனர் கொடுத்தவருக்கு, பாதி ராத்திரியில் பக்கத்தைப் பார்த்து "இந்த மூன்றாவது கட்டம் புரியவில்லை" என்று சொன்னவருக்கு. பாதிக்கு மேல் அவர்களும் வரைகிறவர்களாகவே இருப்பார்கள்.

ஒரு உதாரணம். 24 பக்கப் புத்தகம், ஸ்டேபிள் அடித்தது, நன்றிப் பட்டியலில் ஒன்பது பெயர். ஒவ்வொன்றாகத் தேடினேன். ஏழு பேர் ஓவியர்கள். அதில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு தொகுப்பு போட்டிருந்தார்கள், அதற்குள் இன்னும் பதினான்கு பேர். ஒரு புத்தகத்தில் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் என் பட்டியல் நிறைந்துவிட்டது. இவர்களில் ஒருவரைக்கூட எந்தச் செயலியும் எனக்குக் காட்டியதில்லை.

பலர் சேர்ந்து வரையும் தொகுப்புகளை விடாதீர்கள். ஆர்ட் ஸ்பீகல்மனும் பிரான்ஸ்வாஸ் மூலியும் 1980இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ரா' என்ற இதழ் வழியாகத்தான் ஐரோப்பியக் காமிக்ஸ்காரர்கள் பலரை அமெரிக்க வாசகர்கள் முதன்முதலில் பார்த்தார்கள். ஒரு தொகுப்பில் உங்களுக்குப் பிடித்தது இரண்டு பேர்தான் என்றாலும் லாபமே. பிடிக்காத பத்துப் பேரையும் பெயரளவில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடிக்காமல் இருந்து ஐந்து வருடம் கழித்துப் பிடித்தவர்கள் உண்டு.

#5 ஜன்னலோரம்

ஐயா, அருமை. இப்போதுதான் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருக்கிறேன்.

#6 மைக்குப்பி

பழையபக்கம் ஐயா சொன்னதற்கு நான் சாட்சி. நான் வரைகிறவள். நன்றிப் பட்டியல் எழுதும்போது யாரையாவது விட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்துதான் எழுதுவோம். அதை யாரோ உட்கார்ந்து தேடுகிறார்கள் என்பதே சந்தோஷமாக இருக்கிறது.

இன்னொரு வழி, விழாக்களின் மேசைப் பட்டியல். நேரில் போகவே வேண்டாம். சிறு பதிப்பக விழா எதுவாக இருந்தாலும் யார் யார் மேசை போடுகிறார்கள் என்று முன்கூட்டியே இணையத்தில் போட்டுவிடுவார்கள், பெரும்பாலும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னப் படமும் இணைப்பும் இருக்கும். அமெரிக்காவில் மேரிலாந்தில் நடக்கும் ஸ்மால் பிரஸ் எக்ஸ்போ 1994இலிருந்து இருக்கிறது. அங்கே கொடுக்கும் இக்னாட்ஸ் விருதுக்கு ஐந்து ஓவியர்கள் கொண்ட குழு பரிந்துரைப் பட்டியல் தயாரிக்கும், பிறகு விழாவுக்கு வந்தவர்கள் வாக்குப் போடுவார்கள். யார் ஜெயித்தார் என்பது எனக்கு முக்கியமில்லை, பரிந்துரைப் பட்டியல்தான் வேண்டும். பழைய வருடங்களின் பட்டியலையும் தோண்டுங்கள். பிரான்ஸில் அங்குலேம் விழா 1974இல் தொடங்கியது, அங்கே சிறு பதிப்பகங்களுக்கென்றே தனிக் கூடாரம் போடுவார்கள்.

டோக்கியோவின் காமிகெட் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1975 டிசம்பர் 21, முதல் சந்தை. சொந்தமாக அச்சடித்த புத்தகங்களோடு வந்தது 32 குழுக்கள், பார்க்க வந்தது ஏறக்குறைய 700 பேர். இன்றைக்கு அதற்கு லட்சக்கணக்கில் கூட்டம். முதல் நாள் மேசையைத் துடைத்துப் போட்ட அந்த 32 குழுவுக்கும் இதெல்லாம் கனவில்கூட வந்திருக்காது.

பட்டியலைப் பார்க்கும்போது ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், கண் மரத்துப்போகும். நான் ஒரு நாளைக்கு இருபது பெயர்தான் திறப்பேன். "இது நல்லாயிருக்கு" என்று சொல்ல வைக்கிறதை விட்டுவிட்டு, "இது என்ன?" என்று ஒரு நொடி நிற்க வைக்கிறதை மட்டும் குறித்துக்கொள்வேன்.

#7 அரைப்புள்ளி

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? பிடித்தால் லைக் போடுகிறோம், அல்காரிதம் தானாகக் கற்றுக்கொள்ளும்.

#8 மைக்குப்பி

கற்றுக்கொள்வதுதான் தொல்லையே. நீல நிறத்தில் வரைந்த ஒரு படத்துக்கு லைக் போட்டால் நீல நிறமாகவே காட்டும். எங்கள் பக்கக் கதையையும் சொல்கிறேன். 2016இல் இன்ஸ்டாகிராம் நேர வரிசையை எடுத்துவிட்டுத் தரவரிசை கொண்டுவந்தது. அதற்கு முன்னால் நான் ஒரு படம் போட்டால், அந்த நேரத்தில் செயலியைத் திறந்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு எளிது. அதற்குப் பிறகு, முதல் சில நிமிடத்தில் எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைப் பொறுத்து எங்கள் தலையெழுத்து. மெதுவாகப் பார்க்க வேண்டிய படம் வரைகிறவர்களுக்கு இது ஆகவே ஆகாது. என் தோழி ஒருத்தி மசியில் ஒரு பக்கத்தை மூன்று வாரம் வரைவாள். அதை விரல் நுனியில் அரை நொடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். கடைசியில் அவள் வரைவதை வீடியோ எடுக்க ஆரம்பித்தாள், படத்துக்கு வராத கூட்டம் வீடியோவுக்கு வந்தது. இப்போது படம் வரைவது பாதி நேரம், படம்பிடிப்பது பாதி நேரம்.

அதனால்தான் எல்லோரும் மின்னஞ்சல் மடல் தொடங்குகிறார்கள். அந்த முகவரிப் பட்டியல் எங்களுடையது, நாளைக்கு செயலி மூடிவிட்டாலும் கையில் இருக்கும். பிடித்த ஓவியரின் தளத்துக்குப் போய் மடலில் சேருங்கள். மாதம் ஒரு கடிதம் வரும், பாதிப் பேர் அதன் அடியில் "இந்த மாதம் நான் ரசித்தவை" என்று நாலு பெயர் போடுவார்கள். பார்த்தீர்களா, மறுபடி நன்றிப் பட்டியல்தான்.

#9 பழையபக்கம்

ஆர்எஸ்எஸ் ஓடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்சி விவகாரம் இல்லை, ஒரு தளத்தில் புதிதாக வருவதையெல்லாம் நேர வரிசையில் நம் செயலிக்குக் கொண்டுவரும் வசதி. 2013 ஜூலையில், ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடியபோது நிறையப் பேர் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை, வேறு செயலிக்கு மாறினேன். வெப்காமிக்ஸ் போடும் தனித்தளங்கள் பலவற்றில் இன்றும் ஓடை உயிரோடு இருக்கிறது. வரிசை மாறாது, விளம்பரம் நடுவில் நுழையாது. வருடத்துக்கு இரண்டே பக்கம் போடுகிறவர்கூட என் கண்ணிலிருந்து தப்ப முடியாது.

#10 ஜன்னலோரம்

ஒரு அப்பாவிக் கேள்வி. எல்லோரும் ஜீன், ஜீன் என்கிறார்களே, என்ன அது? மரபணுவும் இல்லை, காலில் மாட்டுவதும் இல்லை என்று மட்டும் புரிகிறது.

#11 மூன்றாம்தட்டு

ஹாஹா. மேகசின் என்ற சொல்லின் வால் அது. சொந்தமாகப் போட்டு, சின்ன எண்ணிக்கையில் கைமாற்றும் இதழ். நான் சிற்றேடு என்று சொல்லிக்கொள்வேன். நம் சிற்றிதழ்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன், குணம் ஒன்றுதான்: ஆசிரியர், அச்சு, தபால் எல்லாம் ஒரே ஆள், நஷ்டமும் அவருக்கே.

உங்களுக்கே ஒன்று செய்து பாருங்கள், அஞ்சு நிமிடம். ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதிபாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். நீளவாக்கு மடிப்புக் கோட்டில், நடு இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் கத்தரியால் ஒரு வெட்டு. ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். இப்போது தாளை நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் வெட்டு வாயைத் திறக்கும், கூட்டல் குறி போல நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து மடித்தால் அட்டையோடு எட்டுப் பக்கப் புத்தகம். பசை இல்லை, பின் இல்லை. விரித்தால் முதுகுப் பக்கம் முழுக்க ஒரு போஸ்டர் அடிக்கலாம். சிற்றேட்டுக்காரர்கள் அங்கேதான் ஏதாவது ஒளித்துவைப்பார்கள், அதனால் இந்த மாதிரி ஒன்று கையில் கிடைத்தால் கட்டாயம் விரித்துப் பாருங்கள்.

#12 ஜன்னலோரம்

செய்துவிட்டேன்! முதல் தடவை ஓரத்தையும் வெட்டிவிட்டேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

#13 காகிதப்பூனை

மூன்றாம்தட்டு அண்ணா, நீங்கள் அச்சுத் தொழிலா? இந்த ரிசோ, ரிசோ என்கிறார்களே, அதைக் கொஞ்சம் விளக்குங்களேன். நான் வாங்கிய இரண்டு பிரிண்ட்டில் அந்தப் பெயர் இருந்தது. ஒன்றில் நீலம் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது. குறையா, அழகா?

#14 மூன்றாம்தட்டு

ஆமாம், நாள் முழுக்க மையோடுதான். கேட்டுவிட்டீர்கள், இனி நான் நிறுத்த மாட்டேன்.

ரிசோ ககாகு என்பது 1946இல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். ரிசோ என்றால் ஜப்பானியத்தில் இலட்சியம் என்று பொருள். 1977இல் பிரிண்ட் கொக்கோ என்று வீட்டுக்கான குட்டி அச்சுப்பெட்டி ஒன்றை விட்டார்கள். ஃபிளாஷ் பல்பைப் பளிச்சென்று வெடிக்கவிட்டுத் திரையில் படத்தைச் சுட்டு, வாழ்த்து அட்டை அடித்துக்கொள்ளலாம். அதன் பெரிய அண்ணன்தான் 1980களில் வந்த ரிசோகிராஃப். பார்க்கப் போட்டோகாப்பி மிஷின் மாதிரியே இருக்கும். பள்ளிகளும் அலுவலகங்களும் நோட்டீஸ் அடிக்க வாங்கியது. அங்கே பழசாகிக் கழித்துப் போட்டபோது ஓவியர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உள்ளே நடப்பது வேறு. நம் படத்தை ஒரு மெல்லிய தாளில், மாஸ்டர் என்போம், வெப்பத்தால் பொடிப்பொடி ஓட்டைகளாகச் சுடும். அந்த மாஸ்டர் ஒரு டிரம் மேல் போர்வை மாதிரிச் சுற்றிக்கொள்ளும். டிரம்முக்குள் மை. சுற்றச் சுற்ற, ஓட்டை வழியாக மை கசிந்து தாளில் இறங்கும். ஆக, ஸ்கிரீன் பிரிண்டிங்கை ஒரு பெட்டிக்குள் போட்டு நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல் ஓடவிட்டது போல. ஒரு டிரம்முக்கு ஒரே நிறம். இரண்டாவது நிறம் வேண்டுமென்றால் டிரம்மை மாற்றி, அதே தாள்களை மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். மூன்றாவது நிறத்துக்கு மூன்றாவது தடவை. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒவ்வொரு தடவையும் தாள் ஒரு துளி இப்படி அப்படிப் போகும். உங்கள் நீலம் நகர்ந்தது அதனால்தான். அனுபவமுள்ள ஓவியர் இதைத் தெரிந்தே வரைவார், இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் ஒன்றை மற்றதன் மேல் கொஞ்சம் ஏற்றிவிடுவார். மயிரிழை என்றால் அழகு. கண் மூக்குக்குப் போயிருந்தால் குறை, நான் அதை விற்கமாட்டேன்.

ரிசோவின் சுகம் நிறத்தின் மேல் நிறம் ஏறுவதில். மை கொஞ்சம் ஊடு தெரியும். ஒளிரும் பிங்க் மேல் நீலம் விழுந்தால் ஊதா வரும், மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சை. இரண்டே நிறத்தில் அடித்த படத்தில் மூன்று நிறம் தெரியும். லென்ஸ் இருந்தால் வைத்துப் பாருங்கள், பிங்க் புள்ளிகளுக்கு இடையில் தாள் வெள்ளையாக எட்டிப்பார்க்கும். அந்த ஒளிரும் பிங்க்கை உங்கள் திரையால் காட்டவே முடியாது. கடையின் படத்தில் சுமாராகத் தெரிந்தது உறையைப் பிரித்ததும் கண்ணைக் கூசும்.

இனி எச்சரிக்கை. இந்த மை எண்ணெய்ப் பதம், சூட்டில் காயாது, தாள் உறிஞ்சத்தான் வேண்டும். வழவழப்பான தாளில் அடிக்கவே முடியாது. பெரிய கருப்புப் பரப்பு இருந்தால் மாதம் கழித்துத் தேய்த்தாலும் விரலில் ஒட்டும். வெள்ளைச் சட்டையோடு படிக்காதீர்கள். அப்புறம் அந்தப் பிங்க் வெயிலுக்கு ஆகாது, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் போய்க்கொண்டே இருக்கும்.

#15 பழையபக்கம்

உறையைப் பிரித்த அன்றே விரல் ரேகையோடு அடுத்த பக்கத்தில் பதித்த ஆள் நான். புத்தகம் இப்போது உலகத்திலேயே ஒரே பிரதி.

#16 அரைப்புள்ளி

சரி, அச்சு சுவாரசியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கிறேன்: காமிக்ஸ் கலை, பிரிண்ட் கலை. பின்னும் ஸ்டிக்கரும் சாவிக்கொத்தும் எப்படிக் கலையாகும்? ஓவியர்கள் கடை விரிக்க ஆரம்பித்ததும் வரைவது குறைந்துவிட்டது. நான் பின்தொடர்ந்த ஒருவர் இரண்டு வருடமாகக் கதை போடவில்லை, கதாபாத்திரத்தின் தலையை மட்டும் பின்னாகப் போடுகிறார்.

#17 மைக்குப்பி

இதில் பாதி உண்மை, அதனால் கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

32 பக்கக் காமிக்ஸ் எனக்கு ஆறு மாதம். விற்றுத் தீர அதைவிட நாளாகும். கடையில் வைத்தால் விற்ற விலையில் 40 முதல் 50 சதவீதம் கடைக்கு, அது நியாயம்தான், வாடகை அவர்கள் கொடுக்கிறார்கள். மீதியில் அச்சுக்கூலி போக நிற்பது ரொம்பச் சொற்பம். ஸ்டிக்கர் தாள் இரண்டு நாள் வேலை. மேசைக்கு வருகிறவர் காமிக்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யோசித்து, ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த கதையின் காகிதத்துக்குக் காசு அங்கேதான் வருகிறது. உங்கள் ஆள் இரண்டு வருடம் கதை போடாததற்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் ஸ்டிக்கர் அவரை வரையவிடாமல் செய்தது என்பதைவிட, ஸ்டிக்கர் இல்லாவிட்டால் முழுசாக விட்டிருப்பார் என்பதே அதிகம் நடப்பது.

பின் விஷயம் வேறு. அதற்கு அச்சு வார்க்க வேண்டும், தயாரிப்பாளர்கள் நூறுக்குக் குறைந்து செய்ய யோசிப்பார்கள். அதனால் நூறு பேர் வாங்குவார்கள் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் ஒரு ஓவியர் பின் போடுவார். நான் ஒரு தடவை அவசரப்பட்டேன். ஒரு ஆந்தை. எழுபத்துமூன்று ஆந்தைகள் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

கலையா என்று கேட்டீர்கள். கோட்டை எங்கே நிறுத்துவது என்பதுதான் எனக்குக் கலை. பின்னில் நிறத்தையும் நிறத்தையும் உலோக வரப்புதான் பிரிக்கும். பிரஷ்ஷில் வரும் மென்மையான விளிம்பு அங்கே கிடையாது, முகத்தில் ஒரு புருவத்துக்கு மேல் இடமும் இல்லை. அதற்குள் ஒரு ஆந்தையைக் கோபமாகக் காட்டிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

#18 அரைப்புள்ளி

ஆந்தை கோபமாகத் தெரிந்ததா?

#19 மைக்குப்பி

தூக்கக் கலக்கமாகத் தெரிந்தது. அதனால்தான் எழுபத்துமூன்று.

#20 நடத்துநர்

இடையில் ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். ஸ்கேன் செய்த காமிக்ஸ்களின் இணைப்பு. தனி ஓவியர்களைப் பற்றிப் பேசும் இழையிலேயே அதைப் போடலாமா?

#21 காகிதப்பூனை

நன்றி நடத்துநரே. என் இரண்டாம் கேள்வி அப்படியே நிற்கிறது. அசலா, திருட்டா, எப்படிப் பிரிப்பது?

#22 மூன்றாம்தட்டு

முதலில் ஒரு கதை. 2019 டிசம்பரில் ட்விட்டரில் நடந்தது. யாராவது ஒரு ஓவியத்துக்குக் கீழே "இது டி-ஷர்ட்டில் கிடைத்தால் வாங்குவேன்" என்று பதில் எழுதினால் போதும், தானியங்கி நிரல்கள் அதை மோப்பம் பிடித்து, அந்தப் படத்தைத் தூக்கி, சில நிமிடங்களில் டி-ஷர்ட் விற்கும் பக்கம் போட்டுவிடும். மனிதக் கண் படத்தைப் பார்ப்பதே இல்லை. ஓவியர்கள் கடுப்பாகிப் பொறி வைத்தார்கள். "இந்தத் தளம் படம் திருடுகிறது, இங்கே வாங்காதீர்கள்" என்ற பொருளில் எழுதிய படங்களைப் போட்டு, நண்பர்களை விட்டு "ஆஹா, டி-ஷர்ட்டாக வேண்டும்" என்று எழுதச் சொன்னார்கள். அதுவும் அப்படியே டி-ஷர்ட்டாக விற்பனைக்கு வந்தது. அடுத்து டிஸ்னியின் மிக்கி மவுஸை வரைந்து வைத்தார்கள். வக்கீல் படை வைத்திருக்கிற வீட்டுக்கே திருடனை அனுப்பும் யோசனை. அதையும் கண்ணை மூடிக்கொண்டு விற்றன.

ஆக, கடையில் பல்லாயிரம் படம் இருந்து, பாணி ஒன்றோடொன்று ஒட்டாமல், எங்கும் ஒரு ஓவியர் பெயர் இல்லையென்றால் ஓடிவிடுங்கள். பூனையின் நோட்டு அந்த ரகம்.

தலைகீழ்த் தேடல் இருக்கவே இருக்கிறது. டின்ஐ 2008இலிருந்து இருக்கிறது, கூகுளிலும் செய்யலாம். படத்தைக் கொடுத்தால் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். டின்ஐயில் பழைய தேதி முதலில் வரும்படி அடுக்கிப் பாருங்கள். முதலில் தோன்றிய இடம் ஒரு ஓவியரின் பக்கமாக இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார்.

#23 மைக்குப்பி

ஏஐக்குத் தலைகீழ்த் தேடல் உதவாது, ஏனென்றால் படம் புதிதாகத்தான் இருக்கும். விரல் எண்ணுகிற காலமும் போய்விட்டது. நான் அந்த ஆளின் பழைய படங்களைப் பார்ப்பேன். வரைகிற எவருக்கும் ஐந்து வருடத்துக்கு முன் வரைந்த மோசமான படம் ஒன்று இருக்கும். கை வரையத் தெரியாமல் பாக்கெட்டுக்குள் விட்டது, குதிரையை வரைய முடியாமல் புதருக்குப் பின்னால் நிறுத்தியது. அந்தத் தடுமாற்றம் வருடா வருடம் குறைந்துகொண்டு வருவது தெரிந்தால் அது மனிதக் கை. முதல் நாளிலேயே எல்லாம் பளபளவென்று, வாரம் நாற்பது படம் என்றால் யோசிக்க வேண்டும்.

அதற்கும் மேலே சந்தேகம் என்றால் கேட்டுவிடுங்கள். "இந்தப் படத்தின் பென்சில் வரைவு இருந்தால் பார்க்க ஆசை" என்று எழுதினால் நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. நான்கு படம் அனுப்பி, பேசி, உங்களைத் தூங்கவிட மாட்டோம்.

#24 ஜன்னலோரம்

பிரிண்ட்டின் அடியில் பென்சிலில் 17/50 என்று எழுதுகிறார்களே, அது இருந்தால் நம்பலாமா?

#25 பழையபக்கம்

ஐம்பதுதான் அடித்தோம், இது பதினேழாவது என்று பொருள். ஓவியர் தரும் வாக்குறுதி, அவ்வளவே. ஏ/பி என்று இருந்தால் ஓவியர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட படி. மரத்தகட்டிலும் செம்புத் தகட்டிலும் அடித்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது, அடிக்க அடிக்கத் தகடு தேயும், முந்தைய எண் கூர்மையாக இருக்கும். கணினியிலிருந்து இங்க்ஜெட்டில் வருவதற்கு அந்த நியாயம் கிடையாது. அதற்கு ஷிக்லே என்று ஒரு கம்பீரமான பெயர் வேறு. 1991இல் ஒரு அச்சுக்காரர், இங்க்ஜெட் என்று சொன்னால் மதிப்பு வராது என்று, பிரெஞ்சில் பீய்ச்சுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து செய்தெடுத்தது. நல்ல தாளும் நிறமி மையும் இருந்தால் அந்த அச்சு உண்மையிலேயே நீடிக்கும், பெயருக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

#26 மூன்றாம்தட்டு

ஐயா, இங்கே மட்டும் உடன்பட மாட்டேன். ரிசோவில் எண் போடுவதற்கு நியாயம் உண்டு. வேலை முடிந்ததும் மாஸ்டரைக் கழற்றி எறிந்துவிடுவோம். மறுபடி வேண்டுமென்றால் புதிதாகச் சுட்டு, நிறங்களைப் புதிதாகப் பொருத்த வேண்டும். இரண்டாவது தடவை அடித்தது முதல் தடவை மாதிரி வரவே வராது.

#27 பழையபக்கம்

அப்படியானால் ஐம்பதுக்குள்ளேயே ஒன்று மாதிரி ஒன்று வராதே, நீங்கள்தானே சொன்னீர்கள்? சரி, ரிசோவுக்கு விட்டுத்தருகிறேன். இங்க்ஜெட்டுக்கு இல்லை.

#28 மைக்குப்பி

ஒன்று மறந்தேன். பிப்ரவரி 1ஆம் தேதி பல நாட்டு ஓவியர்கள் அன்றைய நாளை மணிக்கு ஒரு காமிக்ஸாக வரைந்து போடுவார்கள். பல் தேய்த்தேன், பேருந்து தவறியது, பூனை வாந்தி எடுத்தது, இந்த ரகம். அழகுபடுத்த நேரமில்லாததால் அவரவர் கை அப்படியே தெரியும். வருடத்தில் அந்த ஒரு நாளில் நான் புதிதாகக் கண்டுபிடிக்கிற ஆட்கள் மற்ற மாதங்களில் கிடைப்பதைவிட அதிகம். டிஜிட்டல் சிற்றேடு போதும் என்பவர்கள் இட்ச்.ஐஓ பக்கம் போங்கள். விளையாட்டுகளுக்கான தளம் என்று பெயர், காமிக்ஸும் குவிந்து கிடக்கிறது. தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை விற்கிறவரே தீர்மானிக்கலாம். எங்களுக்கு அப்படி ஒரு இடம் அபூர்வம்.

#29 அரைப்புள்ளி

இத்தாலியின் போலோனியா புத்தகச் சந்தையில் ஓவியர்களுக்கென்று ஒரு சுவர் உண்டாம், யார் வேண்டுமானாலும் படம் ஒட்டலாம் என்று படித்தேன். உண்மையா?

#30 மைக்குப்பி

உண்மை. குழந்தைகள் புத்தகச் சந்தை அது, 1960களிலிருந்து நடக்கிறது. சந்தை திறந்ததும் சுவர் நிறைந்துவிடும். ஒருவர் படத்தின் ஓரத்தில் இன்னொருவர், அதன் மேல் மூன்றாமவர், அடியில் கிழித்துக்கொள்ள வசதியாக முகவரிச் சீட்டு. பார்வையாளர்கள் எடுத்த படங்கள் இணையத்தில் கிடைக்கும், பெரிதாக்கிப் பெயர்களைப் படிக்கலாம். அட, நீங்களே தேட ஆரம்பித்துவிட்டீர்கள் போலிருக்கிறதே!

#31 அரைப்புள்ளி

சும்மா கேட்டேன்.

#32 காகிதப்பூனை

பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அலமாரியில் ஒரு தபால் அட்டை கிடந்தது, யாரோ புத்தகத்தோடு இலவசமாக வைத்தது. மாடிப்படியில் காயும் ஒரு ஒற்றைச் செருப்பு, இரண்டே நிறம். திருப்பிப் பார்த்தேன். தபால்தலை ஒட்டும் கட்டத்துக்குள், எறும்பு எழுத்தில், அச்சகத்தின் பெயர். அச்சகத்தின் தளத்தில் அவர்கள் அடித்த வேலைகளின் பக்கம் இருந்தது. அங்கே நாலு ஓவியர்களைக் குறித்தேன். ஒருவர் தொடர்வண்டிப் பெட்டிகளின் உள்புறத்தை மட்டுமே வரைகிறார், ஆளே இல்லாத இருக்கைகள். இன்னொருவரின் காமிக்ஸில் பேச்சே இல்லை, பன்னிரண்டு பக்கமும் ஒரு பாட்டி ஊசியில் நூல் கோக்கிறார். பதினோராவது பக்கத்தில் கோத்துவிடுகிறார். பன்னிரண்டில் நூல் போதவில்லை. படித்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்தேன்.

அவருக்கு எழுதினேன். மறுநாளே பதில். அந்த நூல் பக்கத்தை ஏழு தடவை வரைந்தாராம், கோடு எங்கே தாளை விட்டு வெளியே போக வேண்டும் என்று தெரியாமல். தான் ரசிக்கும் ஐந்து பேரின் பெயரையும் நான் கேட்காமலே அடியில் எழுதியிருந்தார்.

குடைக் கிழவர் ஓவியரிடமும் பேசினேன். கடைக்குப் புகார் அனுப்பி அந்தப் பக்கத்தை எடுக்க வைத்துவிட்டார். அசல் பிரிண்ட் ஒன்றை அவரிடமே வாங்கினேன். மூலையில் கையெழுத்து இருக்கிறது, புல்லோடு புல்லாக, தேடினால்தான் தெரியும்.

இப்போது ஒரு நடைமுறைக் கேள்வி: குழாயில் சுருட்டி வந்ததால் பிரிண்ட் விரிக்க விரிக்கச் சுருண்டுகொள்கிறது. அயர்ன் பண்ணலாமா?

#33 மூன்றாம்தட்டு

ஐயையோ, வேண்டாம்! மேலும் கீழும் சுத்தமான வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் நாலைந்து நாள் விடுங்கள். ரிசோவாக இருந்தால் தாளைத் தினம் மாற்றுங்கள், மை ஒட்டும்.

#34 அரைப்புள்ளி

அந்தப் பாட்டி காமிக்ஸ் இணைப்பு கிடைக்குமா?